போயிட்டு வாற பின்னல்

துனிசியன் பின்னலில் ஒரு தலைப்பட்டி, 16 கண்ணியில் தொடங்கியது. 30ஆவது வரிசையில் ஏதோ சரிப்படவில்லை என்று நிறுத்தி எண்ணிப் பார்த்தேன். 12தான் இருந்தது. விறாந்தையில் வெளிச்சம் போதாதாக்கும் என்று வாசற்படியில் போய் இருந்து இன்னொரு தரம் எண்ணினேன். அப்போதும் 12தான். நாலு கண்ணி எங்கே விழுந்தது என்று பிடிபடவில்லை. கையில் இருந்தது தலைப்பட்டி மாதிரியே இல்லை. ஒரு பக்கம் அகன்று, மறு பக்கம் ஒடுங்கி, மாட்டு நாக்குப் போல ஏதோ ஒன்று. போதாததற்கு அது தன்பாட்டில் சுருண்டும் கொண்டது, பாக்கு வைத்து மடித்த வெற்றிலைச் சுருள் மாதிரி.

அம்மா கதிரையில் சாய்ந்தபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். "திருப்பாமல் பின்னினா அப்பிடித்தான் வரும்" என்றார். அதில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

அம்மாவுக்கு 78 வயது. நுனியில் கொளுக்கி வைத்த குறோஷே ஊசியை முதலில் பிடித்தது 12 வயதில். எங்கள் ஒழுங்கை முனையில் அப்போது ஒரு பறங்கிக் குடும்பம் இருந்ததாம். அந்த வீட்டு அன்ரிதான் பழக்கியவர். தலையணை உறைக்கு, மேசைவிரிப்புக்கு, சட்டைக் கழுத்துக்கு என்று அம்மா பின்னிய றேந்தையை (லேஸை) எல்லாம் நீட்டிப் பிடித்தால் எங்கள் வீட்டிலிருந்து திருகோணமலை டச் பே கடற்கரை வரை போகும் என்று அப்பா பகிடி பண்ணுவார். மெல்லிய நூல், மெல்லிய இரும்பு ஊசி, கண்ணுக்குத் தெரியாத முடிச்சு. அதுதான் அம்மாவுக்குப் பின்னல். தடித்த நூலில் தடித்த ஊசியால் பின்னுவதெல்லாம் அவர் கணக்கில் கயிறு திரிக்கிற வேலை.

றேந்தை என்பது போர்த்துக்கேயச் சொல். அம்மா இருந்து பின்னுகிற விறாந்தை, சாய்ந்திருக்கிற கதிரை, நூலுருண்டை வைக்கிற மேசை, பின்னி முடித்ததை மடித்து வைக்கிற அலுமாரி, நடுவில் வேர்வை துடைக்கிற லேஞ்சி, எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோணேசர் கோயிலை இடித்தவர்களும் அவர்கள்தான். கோயிலை இடித்தவர்களின் சொல் இல்லாமல் அம்மாவின் ஒரு பின்னேரத்தைக்கூடச் சொல்லி முடிக்க முடியவில்லை. என்ன செய்வது.

சரி, இந்தத் திருப்பாத பின்னல் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

அக்காவின் மகள், என் பெறாமகள், கனடாவில் பிறந்து வளர்ந்தவள். போன ஆடி மாதம் விடுமுறைக்கு வந்திருந்தாள். ஆடி மாதம் இங்கே கச்சான் காற்றுக் காலம். கச்சான் என்றால் எங்களுக்கு இரண்டு. ஒன்று கடற்கரையில் சுருளில் வாங்கிக் கொறிக்கிற நிலக்கடலை. மற்றது மேற்கிலிருந்து நிலத்து வெக்கையை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் அடிப்பது. முதல் நாள் கடற்கரையில் அவளுடைய தலைமயிர் கண்ணுக்குள்ளும் வாய்க்குள்ளும் போய், கையில் இருந்த கச்சானோடு சேர்த்து மயிரையும் சப்பினாள். அடுத்த நாள் தலையில் ஒரு பட்டியோடு வந்தாள். நாலு விரலுக்குக் கொஞ்சம் கூடின அகலம், நெற்றிக்கு மேலே ஒரு முடிச்சு. தானே பின்னியது என்றாள்.

அம்மா அதைக் கழற்றி வாங்கினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு நகத்தால் கண்ணிகளைக் கிளறிப் பார்த்தார். "இது குறோஷேயோ, நிற்றிங்கோ?"

"ரெண்டும்தான் அம்மம்மா. துனிசியன்."

"அது எங்க கிடக்கு?"

"ஆபிரிக்காவில."

அம்மா பட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெற்றிலைத் தட்டை எடுத்தார். விசாரணை முடிந்தது.

அவளுடைய பெட்டிக்குள் ஓரடி நீளத்தில் ஒரு மூங்கில் ஊசி இருந்தது. ஒரு நுனியில் கொளுக்கி, மறு நுனியில் கண்ணிகள் நழுவி ஓடாமல் ஒரு குமிழ். போகும்போது அதையும் ஒரு உருண்டை கம்பளி நூலையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். கூடவே ஒரு கட்டளை: "சின்னம்மா, எனக்குக் குளிருக்குப் போட ஒண்டு பின்னி அனுப்புங்கோ. காது மூடுற மாதிரி." படலையில் நின்று "அப்ப நான் போறன்" என்றாள். அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டார்: "போறன் எண்டு சொல்லாத பிள்ளை. போயிட்டு வாறன் எண்டு சொல்லு."

பிறகு நூலோடு மல்லுக்கட்டின நாட்களில் இந்த வசனம் அடிக்கடி ஞாபகம் வந்தது. துனிசியன் பின்னலின் சூட்சுமமே அதுதான்.

வழக்கமான குறோஷேயில் ஒரு தையலை முடித்த பிறகுதான் அடுத்ததுக்குப் போவோம். ஒவ்வொரு முறையும் ஊசியில் மிஞ்சுவது ஒரே ஒரு கண்ணி. வரிசை முடிந்ததும் துணியைத் திருப்பிக்கொள்வோம். நிற்றிங்கில் வரிசையின் எல்லாக் கண்ணியும் ஊசியிலேயே நிற்கும், ஆனால் ஊசி இரண்டு வேண்டும். துனிசியனில் ஊசி ஒன்றுதான், கொளுக்கியும் குறோஷேக் கொளுக்கிதான். கண்ணிகள் மட்டும் நிற்றிங்கில் போல ஒவ்வொன்றாக ஊசியில் ஏறிக் குந்திக்கொள்ளும். வலமிருந்து இடமாகப் போகும்போது ஏற்றிக்கொண்டே போக வேண்டும். இடது கரையைத் தொட்ட பிறகு, வலப்பக்கமாக வரும்போது இறக்கிக்கொண்டே வர வேண்டும். போய் வந்தால்தான் அது ஒரு வரிசை. துணியைத் திருப்புவதே இல்லை. நல்ல பக்கம் கடைசி வரை எங்கள் முகத்தைப் பார்த்தபடியே இருக்கும்.

திருப்பாமல் எப்படி என்று அம்மா விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கிண்ணியாப் பாதையைச் சொல்லித்தான் விளங்கப்படுத்தினேன். பாதை என்றால் வெளியூர்க்காரர் ரோட்டை நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அது ஆளையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற மிதவை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அதுதான் கதி. பாதை எங்கேயும் திரும்பாது. எந்த முகத்தோடு போனதோ அதே முகத்தோடு வரும். "ஓ, அப்பிடியோ" என்றார் அம்மா. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

செய்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நாலு கண்ணியைத் தொலைத்தவள் என்ற உரிமையில். முதலில் வழக்கம்போல 16 சங்கிலி. சங்கிலியைப் புரட்டினால் முதுகில் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். ஊசியிலிருந்து இரண்டாவது மேட்டில் தொடங்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஊசியை விட்டு நூலை இழுத்து, வந்த கண்ணியை ஊசியிலேயே விட்டுவிட வேண்டும். முடிவில் ஊசியில் 16 இருக்கும். இது போக்கு. வரவில், நூலைச் சுற்றி முதலில் ஒரே ஒரு கண்ணிக்குள்ளால் இழுக்க வேண்டும். பிறகு நூலைச் சுற்றி இரண்டு கண்ணிக்குள்ளால், திரும்பவும் இரண்டு, திரும்பவும் இரண்டு, ஊசியில் ஒன்று மிஞ்சும் வரை. அந்த மிஞ்சின ஒன்றுதான் அடுத்த வரிசையின் முதல் கண்ணி. இதை மறக்கக் கூடாது.

இப்போது துணியைப் பார்த்தால் முன்பக்கத்தில் வேலிக் கதியால் நட்ட மாதிரி நிமிர்ந்த இழைகள் வரிசையாகத் தெரியும். அடுத்த போக்கில் ஊசி நுழைய வேண்டியது அந்தக் கதியால்களுக்குப் பின்னால், வலமிருந்து இடமாக. முதலாவது கதியாலை விட்டுவிட வேண்டும், அதற்குரிய கண்ணி ஏற்கெனவே ஊசியில் இருக்கிறது. விடாமல் அதிலும் ஒன்று எடுத்தால் துணி அகன்றுகொண்டு போகும்.

எனக்குப் பிழைத்தது மறுகரையில். கடைசிக் கதியால் மற்றவை மாதிரி நிமிர்ந்து நிற்காது. கரையோடு ஒட்டி, பக்கவாட்டில் சாய்ந்து, துணியின் விளிம்பா தையலா என்று தெரியாமல் ஒளிந்துகொள்ளும். கை ஓடுகிற வேகத்தில் அதற்கு முந்தினதையே கடைசி என்று நினைத்துத் திரும்பி வந்துவிடுவோம். ஒரு கண்ணி போச்சு. 30 வரிசையில் நாலு தரம் அப்படி நடந்திருக்கிறது. கரையைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பினால் அந்த இழையும் அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இன்னொரு இழையும் சோடியாகத் தெரியும். இரண்டுக்கும் அடியில் ஊசியை விட வேண்டும். ஒன்றில் மட்டும் விட்டால் கரை தொளதொளவென்று தொங்கும். இதைக் கண்டுபிடித்த பிறகும் அடுத்த பத்து வரிசைக்கு ஒவ்வொரு போக்கின் முடிவிலும் வாய்விட்டு எண்ணினேன். அம்மா உள்ளேயிருந்து "பதினாறு" என்று கூடச் சேர்ந்து சொல்லத் தொடங்கிவிட்டார், நக்கலுக்கு.

இன்னொரு பாடத்தை எடுத்தது ஒரு மான். ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேலே பூசை முடிய நேரமாகும் என்று தெரிந்ததால், அவரை அங்கே விட்டுவிட்டுக் கோட்டைக்குள் ஒரு மர நிழலில் குந்திப் பின்னினேன். பிறெட்றிக் கோட்டை மான்களைப் பற்றித் திருகோணமலைக்கு வந்து போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாழைப்பழத் தோலுக்கும் கடதாசிக்கும் ஆட்களுக்குப் பின்னால் திரிகிற மான்கள். ஒன்று மெதுவாக வந்து பைக்குள் மூக்கை விட்டது. நான் "சூ" என்றேன். அது தலையைத் தூக்கியபோது நூல் கொம்பிலோ காதிலோ மாட்டியிருக்க வேண்டும், மூங்கில் ஊசி மடியிலிருந்து பறந்தது. போக்கின் நடுவில் இருந்தேன். ஊசியில் ஏறியிருந்த ஒன்பது கண்ணியும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

சாதாரண குறோஷேயில் ஊசி கழன்றால் கைவிட்டுப் போவது ஒரு கண்ணிதான். இதில் போக்கின் நடுவில் கழன்றால் ஏறினது அத்தனையும் கழன்றுவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஊசியில் கோர்த்தால் காப்பாற்றலாம், நானும் காப்பாற்றினேன். ஆனால் அன்றிலிருந்து அடுப்பில் பால் பொங்கினாலும் கைத்தொலைபேசி அடித்தாலும் வரவை முடிக்காமல் எழும்புவதில்லை. வந்து சேர்ந்துவிட்டால் ஊசியில் ஒரு கண்ணிதான் இருக்கும், நிம்மதியாக வைத்துவிட்டுப் போகலாம். அம்மாவின் "போறன் எண்டு சொல்லாத" இங்கேயும் செல்லுபடியாகிறது.

சுருளுகிற விவகாரம் மட்டும் தீரவில்லை.

முதலில் என் கைதான் இறுக்கம் என்று நினைத்தேன். பாதி உண்மை. முதல் துண்டு பின்னிய நூலுக்கு வழக்கமான குறோஷேயென்றால் 4 மில்லிமீற்றர் ஊசி போதும், நான் பழகத் தொடங்கியதும் அலுமாரிக்குள் கிடந்த 4 மில்லிமீற்றர் ஊசியில்தான். அகலம் கொஞ்சம் என்பதால் தலைப்பட்டிக்கு நீள ஊசி கட்டாயமில்லை. பிடி தடிக்காத, நேரான சாதாரண ஊசியின் வாலில் இறப்பர் பான்டைச் சுற்றிவிட்டால் 16 கண்ணி பேசாமல் நிற்கும். பழகுவதற்குத் தலைப்பட்டிதான் தோது என்று நான் சொல்வதும் அதனால்தான். ஆனால் துனிசியன் துணி இயல்பிலேயே தடிப்பு, நெருக்கம். வழக்கமான ஊசியில் பின்னினால் பன்பாய் மாதிரி விறைத்துப்போகும். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் பெரிய ஊசி வேண்டும். பெறாமகள் விட்டுப்போன மூங்கில் ஊசி 6 மில்லிமீற்றர், அவள் சும்மா விட்டுப்போகவில்லை. அதில் பின்னியதும் துணி இளகியது, சுருளலும் பாதி குறைந்தது.

மீதிப் பாதி துணியின் குணம். மேலே சொன்ன எளிய தையலை மட்டுமே வரிசை வரிசையாகப் போட்டால், முன்பக்கத்தில் நிமிர்ந்த இழை மட்டும் தட்டையாக நிற்கும், மேடுபள்ளமெல்லாம் பின்பக்கம் போய்ச் சேரும். முதுகு கனத்து நெஞ்சு மெலிந்தால் மனிதனே கூனிப்போகிறான், துணி என்ன செய்யும். ஈரமாக்கி, மெத்தையில் ஊசி குத்தி, இழுத்து விரித்துக் காய வைத்தால் அடங்கும் என்பார்கள். ஓரளவுக்கு அடங்கும். ஆனால் தலைப்பட்டி வேர்வையில் நனைந்து வாரத்துக்கு இரண்டு தரம் தோய்க்கிற சாமான். ஒவ்வொரு தரமும் ஊசி குத்திக்கொண்டிருக்க நான் தயாரில்லை.

எனக்குக் கை கொடுத்தது தேன்கூட்டுத் தையல். பெயர்தான் பெரிசு, வேலை சின்னது. ஒரு எளிய தையல், அடுத்தது பேர்ல் தையல், பிறகு எளியது, பிறகு பேர்ல். பேர்லில் நூலை ஊசிக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொண்டு அதே கதியாலுக்குள் ஊசியை விட வேண்டும். அப்போது மேடு பின்னால் போகாமல் முன்னால் விழும். அடுத்த வரிசையில் எளியதின் மேல் பேர்ல், பேர்லின் மேல் எளியது. கரைக் கண்ணி இரண்டையும் சேர்க்காவிட்டால் நடுவில் 14, இரண்டிரண்டாக ஏழு சோடி, கணக்கு மிச்சமில்லாமல் வருகிறது. மேடும் பள்ளமும் இரண்டு பக்கமும் சமமாகப் பங்குபோட்டுக்கொள்வதால் துணி கிட்டத்தட்டத் தட்டையாகவே கிடக்கும். பார்க்கவும் அழகு. எளிய தையலின் வேலிக் கதியால்களை விட இந்தப் புள்ளிகள்தான் எனக்குப் பிடித்திருக்கின்றன. அம்மாவே ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தார்.

இதற்கிடையில் பெயரைப் பற்றியும் தேடிப் படித்தேன். ஆபிரிக்கா என்று பெறாமகள் சொன்னதில் பிழையில்லை, துனிசியா அங்கேதான் இருக்கிறது. ஆனால் பெயரைத் தவிர அந்த நாட்டோடு இந்தப் பின்னலுக்கு உறுதியான தொடர்பு ஒன்றும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் இது பெரிய மோஸ்தராக இருந்திருக்கிறது. ஆங்கிலப் பின்னல் புத்தகங்கள் ட்ரிக்கோ என்றன, ஆப்கன் தையல் என்றும் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது இன்னொரு பெயரில்: இளவரசி பிறெட்றிக் வில்லியம் தையல். 1858இல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகள் பிரஷ்ய இளவரசர் பிறெட்றிக் வில்லியத்தைக் கலியாணம் முடித்தார், பெயர் அந்த இளவரசியைக் குறித்தது. எங்கள் கோட்டையும் பிறெட்றிக். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயர், பிற்பாடு தங்கள் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மகன் பிறெட்றிக்கின் பெயரை அதற்கு வைத்தார்கள். அவர் விக்டோரியாவுக்குப் பெரியப்பா. அப்படியென்றால் அந்த மணப்பெண்ணுக்குத் தாத்தா முறை. ஒரு பிறெட்றிக்கின் கோட்டைக்குள் இருந்து இன்னொரு பிறெட்றிக்கின் தையலைப் பின்னிக்கொண்டிருந்தவளைத்தான் மான் வந்து இழுத்திருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "முறை சொல்லி என்ன, சீதனம் தந்தவங்களே?" என்று கேட்டார்.

கம்பளி நூலைத் தொடுவதற்கு முன் எனக்கென்று ஒன்று பின்னிப் பழகினேன். இந்த வெக்கைக்குப் பருத்திதான் சரி, வேர்வையை உறிஞ்சும். டவுனில் ஒரு கடையில் "நல்ல கொட்டன் நூல்" என்று சொல்லித்தான் தந்தார்கள். கடல் பச்சை நிறம், வழுவழுப்பு. பின்னி முடித்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பத்து மணிக்கெல்லாம் நெற்றி அவிந்துபோனது. வீட்டுக்கு வந்து மிச்ச நூலில் ஒரு விரல் நீளம் வெட்டி, குசினித் தொட்டிக்கு மேலே இடுக்கியால் பிடித்து நெருப்புக்குச்சியைக் காட்டினேன். சுருங்கி, உருகி, கறுப்பாக ஒரு மணி மாதிரி உறைந்தது. ஆறிய பிறகு நசுக்கிப் பார்த்தேன், கல். அக்ரிலிக். பருத்தியென்றால் கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். கம்பளி சுலபத்தில் பற்றாது, பற்றினாலும் மயிர் பொசுங்குகிற நாற்றம் வீட்டை நிறைக்கும். கடைக்காரருடன் சண்டைக்குப் போகவில்லை. அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லித்தான் விற்றிருப்பார்கள். ஆனால் இப்போது நூல் வாங்கப் போனால் ஒரு விரல் நீளம் வெட்டித் தாருங்கள் என்று கேட்கிறேன். ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

பிறகு கம்பளிக்கு வந்தேன். இது வேறு சோதனை. ஆவணி மாதத்து வெயில் முற்றத்தில் கொதிக்க, மடியில் கம்பளியை வைத்துக்கொண்டு, நான் ஒரு நாளும் அறியாத குளிருக்குக் காதுமூடி பின்னினேன். உள்ளங்கை வேர்த்து நூல் ஊசியில் ஒட்டிக்கொள்ளும். அரிசிமாவைத் தடவிப் பார்த்தேன், அது இன்னும் மோசம், களியாகிவிட்டது. கடைசியில் விடியற்காலை ஐந்து மணி தொடக்கம் ஆறரை வரை மட்டும் என்று வைத்துக்கொண்டேன். கச்சான் எழும்புவதற்கு முன் கொஞ்சம் குளிர்ச்சி இருக்கும். அந்த நேரம் நூலும் சொன்னபடி கேட்கும்.

தலைச் சுற்றளவை வாட்ஸ்அப்பில் கேட்டேன். 56 சென்றிமீற்றர் என்று நூல் கட்டி அளந்து படம் அனுப்பினாள். பின்னல் இழுபடும் என்பதால் தலைக்குச் சரியாகப் பின்னினால் ஒரு வாரத்தில் கண்ணுக்கு மேல் வந்து விழும். ஐந்து சென்றிமீற்றர் குறைத்து 51 என்று வைத்தேன். என் கைக்கு, அந்த ஊசியில், அந்த நூலில் 16 கண்ணி 9 சென்றிமீற்றர் அகலம் தந்தது. நீளத்துக்கு 74 வரிசை. பெருக்கினால் 1184 கண்ணி, ஒவ்வொன்றும் ஒரு தரம் ஏறி ஒரு தரம் இறங்கினது. உங்கள் கை வேறு, நூல் வேறு. நாலு விரல் நீளம் பின்னிவிட்டு அளவுநாடாவை வைத்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள். 50 கிராம் உருண்டையில் ஒரு சின்ன எலுமிச்சங்காய் அளவு மிஞ்சியது.

கடைசி வரிசையை அடைப்பதற்கு, ஒவ்வொரு கதியாலுக்குள்ளும் ஊசியை விட்டு, நூலை இழுத்து, ஊசியில் இருக்கிற கண்ணிக்குள்ளாலும் ஒரே இழுவையில் எடுத்துவிட்டால் சரி. இதற்கு வரவு கிடையாது. 74 வரிசை போய் வந்த கைக்கு, போனதோடு நிற்பது ஒரு மாதிரியாக இருந்தது. ஊசி தானாகவே திரும்பி வரப் பார்த்தது.

முடிச்சு வைப்பதைத்தான் மூன்று தரம் அவிழ்த்துச் செய்தேன். நல்ல பக்கம் உள்ளே இருக்க இரண்டு முனைகளையும் நெடுக்காக மடித்து, ஒன்றின் வாய்க்குள் மற்றதின் பாதி போகிற மாதிரிக் கோர்க்க வேண்டும். இரண்டு கைகளின் விரல்களையும் மடக்கி ஒன்றோடொன்று கொளுவிப் பாருங்கள், அதே மாதிரி. அப்போது நாலு அடுக்கு வரும். நாலையும் சேர்த்துத் தைத்துவிட்டுப் புரட்டினால், தையல் உள்ளே போய், வெளியே ஒரு அழகான முடிச்சு நிற்கும். தைக்கும்போது ஒரு அடுக்கைத் தவறவிட்டால் முடிச்சின் ஒரு பக்கம் பல்லு விழுந்த வாய் மாதிரிப் பிளந்து நிற்கும். கம்பளி ஊசி நாலு அடுக்குக்குள்ளால் போக மாட்டேன் என்றது. அம்மா கதிரையை விட்டு எழும்பி வந்து, என் கையிலிருந்து பிடுங்கி, சாக்கு தைக்கிற கோணூசியால் அஞ்சு நிமிடத்தில் தைத்து முடித்தார். "திருப்பாமல் பின்னினாலும் தைக்கத் திருப்பத்தானே வேணும்" என்றார். மூன்று மாதம் காத்திருந்து சொன்ன பதில்.

தெரிந்த ஒருவர் ரொறன்ரோவுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, மிளகாய்த்தூள் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒட்டாமல் இரண்டு பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்துவிட்டேன். மார்கழியில் படம் வந்தது. பின்னால் முழுக்க வெள்ளை, நடுவில் சிவந்த மூக்கு, காது இரண்டும் மூடியிருக்கிறது. முடிச்சு மட்டும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவள் அப்படித்தான் போடுவாளாம். அம்மா படத்தை விரலால் பெரிதாக்கித் தையலைத்தான் பார்த்தார்.

அந்த நாலு கண்ணி தொலைந்த முதல் துண்டை நான் எறிய இருந்தேன். அது அம்மாவின் அலுமாரியில் இருந்த பழைய தடித்த பருத்தி நூல், அசல் பருத்தி. இரண்டு நாள் கழித்துக் குசினிக்குள் போனால், அடுப்பில் புட்டுப்பானை ஆவி பறக்க, அம்மா அந்தத் துண்டை மடித்துப் பிடித்துக்கொண்டு பானையை இறக்குகிறார்.

"சுடேல்லையே அம்மா?"

"சுடாது. பாய் மாதிரியெல்லோ பின்னி வச்சிருக்கிறாய்."

"அந்தப் பச்சைப் பட்டியை மட்டும் இதுக்கு எடுத்துப்போடாதேங்கோ, அது உருகும்."

"எனக்குத் தெரியும்" என்று பானையைக் கீழே வைத்தார். ஒடுங்கின முனையைச் சுருட்டி மூடியின் குமிழைப் பிடித்துத் திறந்தார். அகன்ற முனை பானையின் காதில் அப்படியே கிடந்தது. "காதுக்கெண்டுதானே பின்னினாய்" என்றார்.